ரோட்டைக் கடக்கும் பிரியாணி

திண்டுக்கல்லில் தட்டு ஒரு பக்கம், டம்ளர் எதிர்ப்பக்கம். லண்டனிலும் பெங்களூரிலும் ஒரே மேசைக்கு வந்துவிட்ட இந்த இரண்டும் இங்கே மட்டும் ஏன் சேரவே இல்லை?

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு அடிக்க இன்னும் இரண்டு நிமிடம். திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், நடுவே சென்டர் மீடியன் வைத்த ஒரு ரோடு. இடது கைப் பக்கம் பிரியாணிக் கடை. மாஸ்டர் முதல் அண்டாவின் மூடிமேல் கிடந்த கங்கைத் தள்ளிவிட்டு தம் உடைக்கிறார். சீரகச் சம்பா வாசம் தெருமுனை வரை போகிறது. வலது கைப் பக்கம் ஷட்டர் இறக்கிய டாஸ்மாக். அதன் முன்னால் இருபது இருபத்தைந்து பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் கண் ஷட்டர் மேல்.

பன்னிரண்டு. ஷட்டர் ஏறுகிற சத்தமும், அண்டாவில் கரண்டி இறங்குகிற சத்தமும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கின்றன.

அடுத்த பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் வாங்கிய ஒருவர் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறார். கல்லாவில் குனிந்து மெதுவாகச் சொல்கிறார்: "ரெண்டு மட்டன், ஒரு சுக்கா. பார்சல்ண்ணே." கல்லாக்காரர் நிமிர்ந்தே பார்க்காமல் "பாருக்கா?" என்கிறார். பில் போட அந்த விவரம் தேவையில்லை. ஆனால் பொட்டலம் கட்டுகிறவருக்குத் தேவை. பாருக்குப் போகிற பொட்டலத்தைச் சின்னதாக, இறுக்கமாக, சட்டைக்குள் மறைக்கிற மாதிரி கட்ட வேண்டும்.

ஏன் மறைக்க வேண்டும்? பிரியாணிக் கடைச் சுவரில் 'மது அருந்தி வருபவர்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருக்கிறது. பார்ச் சுவரிலோ 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை' என்று இருக்கிறது. இரண்டு கடைக்கும் அவர் பாதி வாடிக்கையாளர்தான். பார்க்காரர் பொட்டலத்தைக் கண்டுபிடித்தால் முறைப்பார். நான்கு டம்ளரும் இரண்டு சுண்டலும் அவரிடமே வாங்கினால் முறைப்பு கொஞ்சம் இறங்கும்.

சாப்பாட்டுக்குப் பேர்போன ஒரு ஊரில், பிரியாணி இப்படித்தான் தினமும் திருட்டுத்தனமாக ரோட்டைக் கடக்கிறது.

கழுகு காட்டிய வழி

வெளியூரில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வரும் இளைஞர்கள் இந்த ஊரைப் பற்றிச் சொல்லும் குறைகளில் முதல் இடம் இதற்குத்தான்: "உக்காந்து பேச ஒரு எடம் இல்லைண்ணே." பெங்களூர் இந்திரா நகரில் பீர் காய்ச்சும் தொட்டிக்குப் பக்கத்திலேயே மேசை போட்டிருக்கிறார்கள். அங்கே உடன் வேலை பார்க்கும் பெண்களும் வருவார்கள், சாப்பாடும் நன்றாக இருக்கும், பதினோரு மணி வரைக்கும் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். அந்த மாதிரி இடங்களுக்கு 'காஸ்ட்ரோபப்' என்று ஒரு பெயர்.

பெயரின் பிறப்பு லண்டனில். 1991-ல் ஃபாரிங்டன் ரோட்டில் 'தி ஈகிள்' (கழுகு) என்ற நலிந்துபோன மதுக்கடையை டேவிட் அயர், மைக் பெல்பென் என்ற இருவர் எடுத்து நடத்தினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1989-ல், ஆயிரக்கணக்கான மதுக்கடைகளைக் கையில் வைத்திருந்த பெரிய பீர் நிறுவனங்களுக்கு பிரிட்டிஷ் அரசு ஓர் உச்சவரம்பு போட்டிருந்தது. கடைகள் சல்லிசாக விலைக்கு வந்தன. உணவகம் தொடங்கப் பணம் பற்றாத சமையல்காரர்களுக்கு அது ஒரு வாசல். ஈகிளில் மேசை விரிப்பு கிடையாது, சீருடைப் பணியாளர் கிடையாது. கவுண்டரிலேயே சமையல். கரும்பலகையில் அன்றைய பதார்த்தம். தட்டு தரமானது, நாற்காலி பழையது, பீர் எப்போதும் போல. அவ்வளவுதான் சூத்திரம்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது குடியைப் பெருக்க வந்த ஏற்பாடு இல்லை. குடிக்க மட்டுமே இருந்த இடத்தில் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்த ஏற்பாடு. பின்னாளில் பணக்காரப் பேட்டைகளின் பகட்டாக அது மாறிப்போனது வேறு கதை.

அடுப்பு நம்முடையது

அந்தச் சூத்திரத்தின் கடினமான பாதி திண்டுக்கல்லிடம் எப்போதோ இருக்கிறது. 1957-ல் நாகசாமி நாயுடு 'ஆனந்த விலாஸ்' என்ற பெயரில் பிரியாணி ஹோட்டல் தொடங்கினார். தலையில் எப்போதும் தலைப்பா. கடைப் பெயரை யாரும் சொல்லவில்லை. 'தலப்பாகட்டி கடை' என்றார்கள். இன்றைக்கு அந்தப் பெயர் சென்னை, கோவை தாண்டி கொழும்பு, துபாய் வரை போயிருக்கிறது. உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கடையைச் சொல்லி அடித்துக்கொள்வார்கள். வேணு என்பார் ஒருவர், பொன்ராம் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பேகம்பூரில் போர்டே இல்லாத ஒரு கடைக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போவார். அந்தச் சண்டையில் தலையிடும் தைரியம் எனக்கு இல்லை.

பொதுவாகச் சொல்லக்கூடியது இதுதான்: நீள அரிசி கிடையாது, சீரகம் போலப் பொடிசாக இருக்கும் சம்பா. மசாலாவில் மிளகு முன்னால் நிற்கும். தயிரும் எலுமிச்சையும் புளிப்பைப் பார்த்துக்கொள்ளும். ஆட்டுக்கறியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டியிருப்பார்கள், ஒவ்வொரு கவளத்திலும் ஒன்று மாட்டும்படி. ஊரைச் சுற்றி ஆட்டுச் சந்தைகள். ஊருக்குள் தோல் பதனிடும் ஷாப்புகள். கறி அண்டாவுக்கும் தோல் சுண்ணாம்புக் குழிக்கும் போன ஊர் இது. அந்தத் தொழிலாளர்களைப் பற்றி இங்கேயே வாழ்ந்த டி.செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

பிரியாணியோடு முடியவும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பரோட்டாக் கல் சூடாகிறது. குடல் குழம்பு, ஈரல் மிளகு வறுவல், காடை, கரண்டி ஆம்லெட், முக்கால் வேக்காட்டில் வாழையிலையில் வழுக்கும் கலக்கி. எந்த நாட்டு மதுக்கடைச் சமையல்காரரும் பார்த்தால் பொறாமைப்படுகிற பட்டியல். இதற்குத் துணை ஒரு பவண்டோ. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் சரக்கு. இந்தப் பக்கத்துக் கறிச் சாப்பாட்டின் அதிகாரபூர்வ பானம் என்று அதை அறிவித்தாலும் யாரும் ஆட்சேபிக்கப்போவதில்லை.

அண்மைக் காலமாக மொட்டைமாடி உணவகங்களும் வந்திருக்கின்றன. மஞ்சள் விளக்குச் சரம், பிளாஸ்டிக் புல்வெளி, போட்டோ எடுக்க ஒரு இறக்கை வரைந்த சுவர். நீல நிறத்தில் ஒரு மாக்டெயிலை நீண்ட கிளாஸில் கொண்டுவந்து வைக்கிறார்கள். சர்பத்தும் சோடாவும்தான். ஆனால் அதைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாகக் கல்யாணமானவர்களும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நீலத் தண்ணீருக்குக் கொடுக்கிற காசு உண்மையில் நாற்காலிக்கு.

அறை இல்லாமல் கிளாஸ் இல்லை

திண்டுக்கல்லில் அருமையான சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் நாளைக்கே இரண்டு வகை பீரும் சேர்த்துத் தருகிறேன் என்று முடிவெடுத்தால், சட்டப்படி முடியாது. தமிழ்நாட்டில் வெறும் உணவகத்துக்கு மது உரிமம் கிடையாது. தங்கும் அறைகளோடு கூடிய, நட்சத்திரத் தகுதியுள்ள ஹோட்டல் வேண்டும், அதற்கு எஃப்.எல்.3. இல்லையென்றால் உறுப்பினர் சேர்த்து நடத்தும் கிளப் வேண்டும், அதற்கு எஃப்.எல்.2. இந்த இரண்டாவது வகைக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் 'மனமகிழ் மன்றம்'. தமிழில் இவ்வளவு அழகான சொல் இவ்வளவு இருண்ட இடத்துக்கு வாய்த்தது வேறு எங்கும் இல்லை. உறுப்பினருக்கு மட்டும் என்று விதி. வாசலில் யாரும் கார்டு கேட்பதில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார்.

சென்னையில் 'பப்' என்று பெயர் போட்ட எல்லாமே ஏதாவது ஒரு ஹோட்டலுக்குள் ஒண்டியிருப்பதற்கும் இதுதான் காரணம். பெங்களூரிலும் புதுச்சேரியிலும் தனி உணவகம் மது பரிமாறலாம். இங்கே குடிக்க வேண்டுமானால் முதலில் யாராவது கட்டில் போட்டிருக்க வேண்டும்.

மற்ற எல்லோருக்கும் டாஸ்மாக். சில்லறை விற்பனை முழுக்க அரசு கையில். 2023-24 நிதியாண்டில் மது வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

┌ பெட்டிச் செய்தி: மூடியதும் திறந்ததும் ┐

1937 அக்டோபர் 1: ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது.
1948: சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.
1971 ஆகஸ்ட் 30: கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1974-ல் மறுபடி பூட்டு.
1981: எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் நிறுவனம்.
1987 ஜனவரி 1: கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. கள்ளுக்கு அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது.
2003 நவம்பர்: ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கிடம் கொடுத்தது.
2016 மே: கடை திறக்கும் நேரம் காலை பத்திலிருந்து பகல் பன்னிரண்டுக்குத் தள்ளிப்போனது.
2017: நெடுஞ்சாலையை ஒட்டிய கடைகளுக்கு உச்ச நீதிமன்றத் தடை.
2023 ஜூன்: ஸ்டாலின் அரசு 500 கடைகளை மூடியது.

└──────────────┘

சுண்டல் விற்கும் உரிமை

டாஸ்மாக் கடையை ஒட்டியிருக்கும் பாரைப் பற்றி ஒரு வேடிக்கை. குத்தகைக்கு எடுத்தவருக்கு அங்கே மது விற்கும் உரிமை கிடையாது. சரக்கைக் கடையில்தான் வாங்க வேண்டும். 2003-ம் வருட விதிகளின்படி அவர் ஏலம் எடுப்பது இரண்டு உரிமைகளை: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில் சேர்ப்பது. ஆக, காகிதத்தில் பார்த்தால் பார் என்பது முழுக்க முழுக்க ஒரு சாப்பாட்டுக் கடை. காஸ்ட்ரோபப் என்று லண்டன்காரன் கண்டுபிடித்ததை நம் அரசு விதிப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது!

அப்படியானால் சாப்பாடு ஏன் அந்த லட்சணத்தில் இருக்கிறது?

உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். தகரக் கூரை. சிமெண்ட் திண்டு போட்ட மேசை. சில இடங்களில் உட்கார ஒன்றுமே இல்லை, நின்றபடிதான். அவித்த முட்டை, மாங்காய்க் கீற்று, பட்டாணிச் சுண்டல், சிவப்புச் சாயம் ஏறிய சில்லி சிக்கன். கை கழுவும் இடத்தைக் கேட்டால் ஒரு திசையைக் காட்டுவார்கள். சிறுநீர் கழிக்கும் இடத்தைக் கேட்டாலும் அதே திசை. பிளாஸ்டிக் டம்ளரையும் தண்ணீர்ப் பாக்கெட்டையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்தது. அந்தச் செய்தி பல பார்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் குத்தகைக்காரர்மேல் மட்டும் கோபப்பட முடியாது. உரிமம் யாருக்கு என்பதை ஏலத் தொகை முடிவுசெய்கிறது, சமையல் முடிவுசெய்வதில்லை. காலமோ குறுகியது. அடுத்த முறை கையை விட்டுப் போகக்கூடிய இடத்தில் யாரும் நல்ல அடுப்போ ஓடும் தண்ணீரோ போட மாட்டார்கள். வாடிக்கையாளரும் எங்கும் போய்விடப் போவதில்லை. கையில் பாட்டிலோடு நிற்கிறவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே கூரை அதுதான். ஆகவே மாங்காய்க் கீற்றின் விலை ஏறுகிறது, கீற்று மெலிகிறது.

2022 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், டாஸ்மாக் நிறுவனத்துக்கு பார் நடத்தும் அதிகாரமே சட்டத்தில் இல்லை, ஆறு மாதத்தில் மூடுங்கள் என்று உத்தரவிட்டார். அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. பார்கள் தொடர்ந்தன. மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பாட்டில் விற்பனை ஒன்றுகூடக் குறைந்திருக்காது. குடிக்கிற இடம் மட்டும் வயல் வரப்புக்கும் ரயில்வே தண்டவாளத்துக்கும் போயிருக்கும். பார் இல்லாத கடைகளுக்குப் பக்கத்தில் அதுதான் இப்போதே நடக்கிறது.

நின்ற வாக்கில்

விளைவுகளை எண்ணத் தொடங்கினால் முதலில் வருவது வேகம்.

உட்கார இடமில்லாதவன் மெதுவாகக் குடிப்பதில்லை. குவார்ட்டரை இரண்டாகப் பிரித்து 'கட்டிங்' போடுகிறவர்களைப் பாருங்கள். முன்பின் தெரியாத இருவர் கடை வாசலில் கூட்டுச் சேர்ந்து, ஆளுக்குப் பாதிக் காசு போட்டு, தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, ஒரே மடக்கில் முடித்து, ஊறுகாயை நாக்கில் தடவிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போய்விடுகிறார்கள். மூன்று நிமிடம். பெயர்கூடக் கேட்டுக்கொள்வதில்லை.

வயிற்றுக்கு இது மோசமான கணக்கு. மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் ரத்தத்துக்குள் போகிறது. வயிற்றில் சோறு இருந்தால் இரைப்பை அதைத் தாமதித்து அனுப்பும். போதையும் நிதானமாக ஏறும். வெறும் வயிற்றில் தடுப்பே இல்லை. அவர் சாப்பிட வேண்டிய சாப்பாடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஆவி பறக்க இருக்கிறது. 'குடித்துவிட்டு வராதே' என்று அங்கே எழுதியிருக்கிறது. கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளித்தால் வியாபாரம் போய்விடும்.

┌ பெட்டிச் செய்தி: டம்ளருக்குள் எவ்வளவு? ┐

குவார்ட்டர் (180 மி.லி., 42.8 சதவீதம்): சுத்த ஆல்கஹால் சுமார் 77 மி.லி.
ஸ்ட்ராங் பீர் (650 மி.லி., 8 சதவீதம்): 52 மி.லி.
சாதா பீர் (650 மி.லி., 5 சதவீதம்): சுமார் 32 மி.லி.

ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் ஏறக்குறைய இரண்டரை சாதா பீர் பாட்டிலுக்குச் சமம். பீர் குடிக்க ஒரு மணி நேரம் ஆகும், குவார்ட்டருக்கு மூன்று நிமிடம் போதும். வண்டி ஓட்டுகிறவரின் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வழக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை அபராதமே 10,000 ரூபாய் வரை.

└──────────────┘

அடுத்தது கண்ணாடி. ஊருக்கு வெளியே வத்தலக்குண்டு ரோட்டிலோ நத்தம் ரோட்டிலோ கொஞ்ச தூரம் போய் எந்தத் தோப்பு ஓரத்திலும் இறங்கிப் பாருங்கள். பாட்டில்கள். முழுசாகக் கிடப்பவற்றைப் பழைய பேப்பர்க்காரர் எடுத்துப் போவார். உடைந்தவை மண்ணுக்குள் இறங்கி, உழவு மாட்டின் குளம்புக்கும் களை எடுக்கும் பெண்களின் பாதத்துக்கும் காத்திருக்கும். நீலகிரிக் காடுகளில் இதே தொல்லை முற்றியபோது உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022-ல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைத் திரும்பத் தரும் திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. நல்ல திட்டம்தான். ஆனாலும், குடித்த இடத்திலேயே மேசை இருந்தால் பாட்டில் மேசையிலேயே இருந்திருக்கும் என்று யாரும் ஏன் சொல்லவில்லை?

மூன்றாவது, 2017. நெடுஞ்சாலையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் சாலையோரக் கடைகளை அகற்றச் சொன்னது. நியாயமான காரணம். அகற்றிய கடைகள் காற்றில் கரைந்துவிடவில்லை, தெருக்களுக்குள் வந்தன. தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் விளக்குமாறோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்து மதுக்கடை என்று வெள்ளைக்காரன் பாசத்தோடு சொல்கிறானே, அது நமக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது: கழிப்பறை இல்லாமல், நாற்காலி இல்லாமல், பள்ளிக்கூடம் போகும் வழியில்.

நான்காவது விளைவு கண்ணுக்குத் தெரியாதது. பெண்கள். பார் என்றாலே ஆண்களின் குகை என்று ஆகிப்போனதால், சாயங்காலம் வீட்டுக்கு வெளியே உட்காரும் உரிமையும் ஆண்களுக்கே என்று ஆகிவிட்டது. பெட்டிக்கடை, டீக்கடை பெஞ்சு, மந்தை, சாவடி எல்லாம் அவர்களுக்கே. அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-ல் எழுதிய புத்தகத்தில் வீடும் வேலையிடமும் போக மூன்றாவதாக ஒரு இடம் மனிதருக்கு வேண்டும் என்றார். திண்டுக்கல் பெண்ணுக்கு அந்த மூன்றாவது இடம் எது? கோயில், துணிக்கடை, பிரியாணிக் கடையின் 'ஃபேமிலி ரூம்'. அங்கேயும் இலையை எடுத்ததும் எழுந்துவிட வேண்டும். அடுத்த குடும்பம் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நிற்கும். நான் பார்த்த மொட்டைமாடிக் கடையின் மேசைகளில் பாதிக்குமேல் பெண்கள் இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

குமுளிக்கு அந்தப் பக்கம்

வத்தலக்குண்டு, தேனி, கம்பம் வழியாக மூன்று, நான்கு மணி நேரம் ஓட்டினால் குமுளி. அதைத் தாண்டினால் கேரளம். அங்கே இறங்கி, ஓலைக் கூரையும் கறுப்பு வெள்ளைப் பலகையும் உள்ள ஒரு கள்ளு ஷாப்புக்குள் நுழைந்தால், லண்டன்காரர்களுக்குப் பாடம் எடுக்கலாம். மரவள்ளிக் கிழங்கு, குடம்புளி போட்ட மீன் கறி, தாராவுக் கறி, பன்றி வறுவல். எரிச்சலான அந்தக் காரத்துக்குத் தண்ணீராகப் புளித்த கள். கொச்சிக்குப் பக்கத்தில் உதயம்பேரூரில் உள்ள முல்லப்பந்தல் ஷாப்புக்குக் கள் குடிக்காதவர்களும் சாப்பாட்டுக்காகவே குடும்பத்தோடு போகிறார்கள்.

நமக்கும் இது அந்நியம் இல்லை. சங்கப் பாட்டில் தேறல், நறவு, தோப்பி என்று மதுவுக்கு வகைவகையாய்ப் பெயர் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் தோப்பி வீட்டிலேயே ஆக்கியது. பக்கத்து மதுரையில் கள் விற்ற இடங்களில் கொடி பறந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. விருந்தும் மதுவும் அங்கே ஒரே பந்தியில் வருகின்றன.

1987-ல் அந்தக் கொடி கடைசியாக இறங்கியது. பனை நம் மாநில மரம். அதிலிருந்து பதநீர் இறக்கலாம். சுண்ணாம்பு தடவாத பானையில் அதே சாறு இறங்கினால் குற்றம். விவசாயிகள் சங்கங்கள் கள்ளுக்கு அனுமதி கேட்டுப் பல வருடமாகப் போராடுகின்றன. கள்ளில் கலப்படம் செய்வார்கள் என்பது அரசு சொல்லும் காரணம். மறுப்பதற்கில்லை; ஆனால் 2023-ல் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது கள் இல்லை, மெத்தனால் கலந்த சாராயம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

'அதெல்லாம் எங்களுக்கு வேண்டாம்'

இவ்வளவையும் கேட்டுவிட்டு, நாகல் நகர்ப் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கும் ஓர் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சேரு போட்டு, லைட்டு போட்டு, கறியும் கொடுத்தா எந்திரிச்சு வருவானா தம்பி? இப்ப பத்து மணிக்காவது வீடு வந்து சேர்றான்."

பதில் சொல்ல முடியவில்லை. இந்த வாதத்துக்குப் பின்னால் இருப்பது தத்துவம் இல்லை, அனுபவம். மது எதிர்ப்புக்காகவே வாழ்ந்த காந்தியவாதி சசிபெருமாள், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறி நின்ற 2015 ஜூலை 31 அன்று உயிரிழந்தார். அவர் பின்னால் நின்ற பெண்களிடம் போய் 'சூழல்', 'ஆம்பியன்ஸ்' என்று பேச நாக்கு கூசும்.

இன்னொரு கேள்வி காசு. பெங்களூரில் ஒரு கிளாஸ் பீருக்குக் கொடுப்பது இங்கே ஒரு கட்டிடக் கூலித் தொழிலாளியின் அரை நாள் சம்பளத்தை நெருங்கும். நாளைக்கே சட்டம் மாறி பழனி ரோட்டில் ஒரு காஸ்ட்ரோபப் வந்தால், ஊர் திரும்பும் கம்ப்யூட்டர்காரப் பையன்களுக்கு நாற்காலி கிடைக்கும். மில் ஷிஃப்ட் முடித்து வருகிறவரும், பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவரும், மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவரும் அதே தகரக் கூரையின் கீழேதான் நிற்பார்கள். 45,000 கோடியில் பெரும்பங்கு யார் பாக்கெட்டிலிருந்து வந்ததோ, அவர்களுக்கு அப்போதும் ஒரு கழிப்பறைகூட இருக்காது. என் குறை இங்கேதான் இருக்கிறது. பப் வரவில்லையே என்று எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு பாட்டிலை நீட்டுகிற கை, உட்கார ஒரு பலகையும், கழுவத் தண்ணீரும், தின்ன நல்ல சோறும் தர மறுக்கிறது. தராததற்கு 'ஒழுக்கம்' என்று பெயரும் வைத்துக்கொள்கிறது.

புரட்டாசியில் பிரியாணி அண்டா சுருங்கும். கார்த்திகையில் மாலை போட்டதும் பாரும் மெலியும். வள்ளலார் நினைவு நாளான தைப்பூசத்தன்று, பழனிக்கு நடக்கும் பச்சை வேட்டிகள் ரோட்டை நிறைக்கும்போது, கடைக்குச் சட்டப்படியே விடுமுறை. அந்த நாட்களில் இதே ஆண்கள் அன்னதானப் பந்தலில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் சாம்பார் வாளியை நகர்த்திவிட்டு, அரட்டை அடித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். பாய் விரித்திருக்கிறார்கள், உட்கார்கிறார்கள்.

இரவு பத்து. ஷட்டர் இறங்குகிறது. கடைசியாக வாங்கியவர் அதற்கு அடியில் குனிந்து வெளியே வருகிறார். பார் விளக்கை அணைத்து ஆட்களை வெளியே தள்ளுகிறார்கள். பிரியாணிக் கடையில் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்க்கிற சத்தம். மிச்சமிருந்த மூன்று பொட்டலத்தையும் கல்லா ஓரத்தில் வைத்திருக்கிறார் மாஸ்டர். ஒருவர் ரோட்டைத் தாண்டி வந்து ஒன்றை வாங்குகிறார். திரும்பிப் போகும் வழியில் பாதியில் நின்றுவிடுகிறார். இனி அந்தப் பக்கம் போக இடமில்லை, இந்தப் பக்கம் உட்கார விடமாட்டார்கள்.

சென்டர் மீடியனில் ஏற்கெனவே அவருடைய கூட்டாளி உட்கார்ந்திருக்கிறார், அரளிச் செடிக்குப் பக்கத்தில், முழங்காலுக்கு நடுவே டம்ளரை ஒளித்தபடி. பொட்டலம் பிரிகிறது. வாழையிலை, ஆவி, மிளகு வாசம். இரண்டு பக்கமும் பஸ் போகிறது.

"மாப்ள, நல்லி ஒனக்கு. நான் மத்தியானமே சாப்ட்டேன்."